ஜிம்மி ஜான்ஸ்டன், செல்டிக்கின் 7ஆம் எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கென்னி டால்கிலிஷ், அலெக்ஸ் ஃபெர்குசன் போன்ற பெயர்கள்தான். இருவரும் இங்கிலாந்து போய்ப் பெரும்புகழ் பெற்றவர்கள். வீட்டை விட்டு அதிகம் நகராமலே ஐரோப்பாவைக் கலங்கடித்த ஒரு விங்கர் (மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரர்) பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

யார் இந்த ஜிம்மி ஜான்ஸ்டன்?

கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்துக்கு 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் வலது விங்கில் ஆடியவர். 1944 செப்டம்பர் 30 அன்று, கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே அடிங்ஸ்டனை ஒட்டிய வியூபார்க் என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த பகுதி அது. செம்பட்டை முடி. உயரம் 5 அடி 4 அங்குலத்துக்கு மேல் இல்லை. பந்து காலில் ஒட்டியபடி இடம் வலமாக வெட்டி வெட்டி ஓடுவதால் ரசிகர்கள் வைத்த பெயர் ஜிங்கி. பிரெஞ்சுப் பத்திரிகைகள் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்றன.

செல்டிக்குக்காக 515 ஆட்டங்கள், ஏறத்தாழ 130 கோல்கள், 9 லீக் பட்டங்கள், ஒரு ஐரோப்பியக் கோப்பை. 2002இல் செல்டிக் ரசிகர்கள் அந்தக் கழகத்தின் எல்லாக் காலத்துக்குமான மிகச்சிறந்த வீரராக இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டால்கிலிஷும் ஹென்ரிக் லார்சனும் ஆடிய கழகம் அது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எப்படி ஆட்டம் கற்றார்?

பெரும்பாலும் தனியாக. சிறுவயதில் அவருக்கு ஆதர்சம் இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ். மாத்யூஸ் பந்தை வைத்துக்கொண்டு எப்படிப் பயிற்சி செய்தார் என்று படித்துவிட்டு, காலிப் பால் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி அவற்றுக்கு நடுவே மணிக்கணக்காகப் பந்தை ஓட்டியிருக்கிறார். கால்களுக்கு வலு ஏற அப்பாவின் சுரங்க பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடியதாகவும் சொல்லியிருக்கிறார். கனமான பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆடும்போது கால் தரையில் நிற்காது என்பது கணக்கு. செல்டிக் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடும் பையனாக நின்றவர், 1961இல் அதே கழகத்தில் வீரராகச் சேர்ந்தார்.

முதல் ஆட்டமே வெற்றிதானா?

இல்லை. 1963 மார்ச் 27, கில்மார்னாக் ஊரில், செல்டிக்குக்கு 0–6 தோல்வி. அதுதான் அறிமுக ஆட்டம்.

ஆனாலும் சில வாரங்களிலேயே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டியில், அதுவும் அதே ஊரின் பரம எதிரியான ரேஞ்சர்ஸுக்கு எதிராக, இடம் கிடைத்தது. 1–1 என்று சமன். மறு ஆட்டத்துக்கு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். செல்டிக் 0–3 என்று தோற்றது. 18 வயதுப் பையனை நீக்கியதுதான் தோல்விக்குக் காரணம் என்று செல்டிக்காரர்கள் பிறகு நெடுங்காலம் புலம்பினார்கள். அது கொஞ்சம் மிகை. அந்தக் கால செல்டிக் அணியே தள்ளாடிக்கொண்டிருந்தது. நல்ல இளைஞர்கள் இருந்தார்கள், அவர்களை ஒழுங்காக ஆட வைக்க ஆள் இல்லை.

அந்த ஆள் யார்?

ஜாக் ஸ்டீன். அவரும் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், லனார்க்ஷயர்க்காரர். செல்டிக்கின் முன்னாள் அணித்தலைவர். 1965 மார்ச்சில் மேலாளராக வந்தார். ஜான்ஸ்டனைப் பற்றிய எந்தக் கேள்வியைத் தொட்டாலும் ஸ்டீனிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

வந்தவுடன் ஸ்டீன் இவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஏப்ரலில் டன்ஃபெர்ம்லினை 3–2 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பையைக் கைப்பற்றிய அணியில் ஜான்ஸ்டன் பெயரே இல்லை. மூன்று பேரை ஏமாற்றிவிட்டு நான்காவது ஆளிடம் பந்தைப் பறிகொடுக்கும் விங்கரால் யாருக்கு லாபம் என்பது ஸ்டீனின் எண்ணம். வித்தையை விடச் சொல்லவில்லை. அதை எங்கே காட்ட வேண்டும், எப்போது பந்தை விட வேண்டும் என்று பழக்கினார். சொந்தப் பாதியில் நின்றுகொண்டு ஒருவரைச் சுற்றிச் சுற்றி வருவது வீண். எதிராளியின் பெனால்டி பெட்டிக்குப் பக்கத்தில் அதையே செய்தால் இரண்டு மூன்று பேர் இவரை நோக்கி ஓடி வருவார்கள். நடுவில் சக வீரர்கள் சால்மர்ஸோ வாலஸோ தனியாக நிற்பார்கள். பின்னாலிருந்து மர்டாக் ஓடி வந்து அடிக்கலாம், இடப்பக்கத்திலிருந்து ஜெம்மல் ஏறி வரலாம்.

கோலுக்குப் பந்து கொடுத்தவர் யார் என்று அன்று யாரும் கணக்கு வைத்ததில்லை. அதனால் ஜான்ஸ்டனின் முக்கால்வாசி உழைப்பு எந்தப் பட்டியலிலும் கிடையாது. 130 கோல் என்ற எண்ணை மட்டும் பார்த்து அவரை எடை போடுவது சரியாகாது.

1966–67 பருவத்தில் அப்படி என்ன நடந்தது?

செல்டிக் கலந்துகொண்ட எல்லாப் போட்டிகளிலும் வென்றது: ஸ்காட்டிஷ் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, கிளாஸ்கோ கோப்பை, கடைசியாக ஐரோப்பியக் கோப்பை. இன்று சாம்பியன்ஸ் லீக் என்கிறோமே, அதன் முன்னோடி இந்த ஐரோப்பியக் கோப்பை. பிரிட்டனிலிருந்து அதை முதலில் வென்ற கழகம் செல்டிக்தான். மான்செஸ்டர் யுனைடெட் வென்றது அடுத்த வருடம்.

ஐரோப்பியப் பாதை சூரிச், நாந்த், யுகோஸ்லாவியாவின் வொய்வொதினா, செக்கோஸ்லோவாக்கியாவின் டுக்லா பிராக் என்று போனது. டுக்லாவுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டம் கிளாஸ்கோவில் 3–1 என்று முடிந்தது, முதல் கோல் ஜான்ஸ்டனுடையது.

ஆனால் அந்தப் பருவத்தில் ஜான்ஸ்டனின் சிறந்த ஆட்டம் எது என்று என்னைக் கேட்டால் மே 6ஐச் சொல்வேன். இடம் ஐப்ராக்ஸ், ரேஞ்சர்ஸின் கோட்டை. மழை, சேறு. சமன் செய்தால் லீக் பட்டம். ஆட்டம் 2–2. செல்டிக்கின் இரண்டு கோல்களையும் அடித்தவர் ஜான்ஸ்டன். இரண்டாவது கோலுக்கு, வலது ஓரத்திலிருந்து சேற்றில் உள்ளே வெட்டி வந்து, தன் வலுவான கால் அல்லாத இடது காலால், தொலைவிலிருந்தே மேல் வலையில் அறைந்தார். அன்று அரங்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்களில் இன்டர் மிலானின் பயிற்சியாளர் எலேனியோ எரேராவும் ஒருவர். இறுதிப் போட்டியில் மோதப்போகும் எதிராளியைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

லிஸ்பன் இறுதிப் போட்டியில் ஜான்ஸ்டன் கோல் அடித்தாரா?

அடிக்கவில்லை. 1967 மே 25, லிஸ்பனின் தேசிய அரங்கு. ஏழாவது நிமிடத்தில் மாசோலாவின் பெனால்டியில் இன்டர் முன்னிலை. அதன்பிறகு எரேராவின் அணி வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு காவல் காக்கப் பார்த்தது. செல்டிக் விடவில்லை, அலை அலையாக ஏறியது. 63ஆவது நிமிடத்தில் ஜெம்மல், ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் சால்மர்ஸ். 2–1.

ஜான்ஸ்டனுக்குக் காவல் புர்னிச், இத்தாலியின் மிகக் கறாரான தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். ஜான்ஸ்டன் ஒரே இடத்தில் நிற்காமல் உள்ளே வெளியே என்று அலைந்து, காவலாளியையும் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனார். முதல் பாதியில் இவர் தலையால் முட்டிய பந்து ஒன்றை இன்டர் கோல்கீப்பர் சார்த்தி மேலே தட்டிவிட்டார். 5 அடி 4 அங்குல ஆள் இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எழும்பித் தலையால் முட்டுவதைப் பார்க்கவே ஒரு முறை அந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்.

அந்தப் பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். இந்தத் தகவல் அடிக்கடி சொல்லித் தேய்ந்துபோனதுதான், ஆனாலும் உண்மை. நம் மாவட்ட லீகில் ஆடும் உள்ளூர்ப் பையன்களைக் கொண்டே ஆசியக் கோப்பையை வெல்வதாக வைத்துக்கொள்ளுங்கள், அப்படி.

பல் செட் கதை உண்மையா?

உண்மைதான். அணியில் பலருக்குப் பொய்ப்பல். ஆடும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். வென்றால் படம் பிடிப்பார்களே, பல்லில்லாமல் எப்படி நிற்பது? அதனால் பல் செட்டுகளையெல்லாம் கோல்கீப்பர் ரோனி சிம்சனின் தொப்பியில் போட்டு, அதை வலைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு அந்தத் தொப்பியைத் தேடி ஓடினார்கள்.

மத்ரித் ரசிகர்கள் இவருக்காக ‘ஓலே’ சொன்னார்கள் என்கிறார்களே?

லிஸ்பன் முடிந்து இரண்டே வாரம். ஜூன் 7 அன்று, ஓய்வு பெற்ற மேதை ஆல்ஃபிரெடோ தி ஸ்தெஃபானோவைக் கௌரவிக்கும் ஆட்டத்துக்கு ரியல் மத்ரித் செல்டிக்கை அழைத்தது. பெயருக்குத்தான் நட்பு ஆட்டம். முந்தைய வருட ஐரோப்பியச் சாம்பியனும் அந்த வருடச் சாம்பியனும் மோதுகிறார்கள், விட்டுக்கொடுப்பார்களா? இரு பக்கமும் ஒவ்வொருவர் வெளியேற்றப்பட்டார்கள். செல்டிக் 1–0 என்று வென்றது. ஜான்ஸ்டன் கொடுத்த பந்தில் லெனக்ஸ் அடித்த கோல். இவர் ஒவ்வொருவராக வெட்டிப் போகும்போது பெர்னபேவு அரங்கமே காளைச் சண்டையில் கத்துவதுபோல ‘ஓலே’ என்று கத்தியது. சொந்த அணி தோற்கும்போது எதிராளிக்கு அப்படிக் குரல் கொடுக்க வைத்தது சாதாரண விஷயமில்லை.

ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான அந்த ஆண்டின் பாலோன் தோர் விருதில் ஹங்கேரியின் ஃப்ளோரியான் ஆல்பெர்ட் முதல், பாபி சார்ல்டன் இரண்டாவது, ஜான்ஸ்டன் மூன்றாவது. சார்ல்டனுக்கும் இவருக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

விமானப் பயம் இவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். 1966இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து திரும்பிய விமானம் நடுவானில் திடீரென்று கீழே இறங்கிக் குலுக்கியதிலிருந்து அவருக்கு விமானம் என்றாலே நடுக்கம்.

அந்தப் பயத்தை ஸ்டீன் பயன்படுத்திக்கொண்ட கதை 1968 நவம்பர் 13 அன்று நடந்தது. ஐரோப்பியக் கோப்பையில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கிளாஸ்கோ வந்திருந்தது. இடைவேளையில் 1–1. யுகோஸ்லாவிய அணி ரொம்பப் பலமானது, இரண்டாவது ஆட்டம் அவர்கள் ஊரில். ஸ்டீன் இவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பேரம் பேசினார்: நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் நீ பெல்கிரேட் வர வேண்டாம், வீட்டிலேயே இரு.

இரண்டாம் பாதியில் ரெட் ஸ்டாருக்கு நடந்ததை என்னவென்று சொல்வது! ஜான்ஸ்டன் தானே இரண்டு கோல் அடித்தார், மற்றவர்களுக்கும் பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தார். 5–1. கடைசி விசிலுக்குப் பிறகு, போக வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் துள்ளினார். பின்கதை இன்னும் சுவாரஸ்யம். ரெட் ஸ்டார் பயிற்சியாளர் மில்யான் மில்யானிச், எங்கள் ஊர் மக்கள் இவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், எப்படியாவது அழைத்து வாருங்கள் என்று ஸ்டீனிடம் கேட்டாராம். ஜான்ஸ்டன் மசியவில்லை. பெல்கிரேடில் செல்டிக் அவர் இல்லாமல் 1–1 என்று சமன் செய்தது.

பயத்தோடும் பறந்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தென் அமெரிக்கா வரை போயிருக்க முடியாது.

தென் அமெரிக்காவில் என்ன ஆயிற்று?

1967 இன்டர்கான்டினென்டல் கோப்பை; ஐரோப்பியச் சாம்பியனும் தென் அமெரிக்கச் சாம்பியனும் மோதுவது. எதிராளி அர்ஜென்டினாவின் ராசிங். கிளாஸ்கோவில் செல்டிக் 1–0, அவெய்யனேடாவில் ராசிங் 2–1, முடிவுக்காக உருகுவேயின் மொண்டேவிடியோவில் மூன்றாவது ஆட்டம். எச்சில் துப்புவது, முட்டியால் இடிப்பது, காலை வாருவது எல்லாம் முதலில் குறிவைத்தது ஜான்ஸ்டனைத்தான். ஒருமுறை இடைவேளையில் தலைமுடியிலிருந்த எச்சிலைக் கழுவிவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. மொண்டேவிடியோவில் செல்டிக்காரர்களும் பொறுமை இழந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் ஜான்ஸ்டனும் உண்டு. 0–1 தோல்வி. ஸ்டீனுக்கு அது ஒரு தலைகுனிவு. எதிராளி செய்ததைச் சொல்லித் தன் வீரர்களை அவர் நியாயப்படுத்தவில்லை.

ஸ்டீனோடு சண்டையே வந்ததில்லையா?

வராமலா? 1968 அக்டோபரில், டண்டீ யுனைடெடுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவில் ஸ்டீன் இவரை வெளியே எடுத்தார். கோபத்தில் ஜான்ஸ்டன் சட்டையைக் கழற்றி ஸ்டீன் உட்கார்ந்திருந்த பக்கம் வீசிவிட்டு உள்ளே போனார். பெருத்த உடம்போடு ஸ்டீன் எழுந்து, அடிபட்டுத் தேய்ந்த காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஒரு வாரம் தற்காலிக நீக்கம். ரெட் ஸ்டார் ஆட்டம் இதற்கு அடுத்த மாதம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் உறவு அப்படி.

குடிப்பழக்கம் சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்டது. எந்த மதுக்கடையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து ஸ்டீன் அந்தக் கடைக்கே போன் போட்டு வீட்டுக்குப் போகச் சொல்வார் என்பது கிளாஸ்கோவில் எல்லோரும் சொல்லும் கதை. ஸ்டீனே பிற்காலத்தில், ஐரோப்பியக் கோப்பையையும் ஒன்பது லீக் பட்டங்களையும் விட இந்தச் சின்ன மனிதரைச் சில வருடங்கள் கூடுதலாக ஆட்டத்தில் தக்கவைத்ததற்காகத் தன்னை நினைவில் வைத்தால் போதும் என்ற பொருளில் சொன்னார். விளையாட்டாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

1970இல் லீட்ஸை வென்றது ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

அது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த கௌரவப் போர். இங்கிலாந்துப் பத்திரிகைகள் லீட்ஸ் யுனைடெடுக்கு முன்கூட்டியே மாலை போட்டுவிட்டன. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. லீட்ஸ் மைதானத்தில் கானலியின் கோலில் செல்டிக் 1–0. இரண்டாவது ஆட்டத்தைச் செல்டிக் தன் சொந்த மைதானத்தில் வைக்காமல் கிளாஸ்கோவிலேயே உள்ள பெரிய அரங்கமான ஹாம்ப்டன் பார்க்குக்கு மாற்றியது. ஏப்ரல் 15 அன்று வந்தவர்கள் 1,36,505 பேர். ஐரோப்பியக் கழகப் போட்டி ஒன்றுக்கு அவ்வளவு கூட்டம் வேறு எப்போதும் கூடியதில்லை.

லீட்ஸின் பில்லி பிரெம்னர், அவரும் ஸ்காட்லாந்துக்காரர், தொலைவிலிருந்து அடித்து அரங்கை அமைதியாக்கினார். பிறகு ஹியூஸ், மர்டாக் கோல்களில் 2–1. ஆனால் அன்று நேரில் பார்த்தவர்கள் பேசியது டெரி கூப்பரைப் பற்றி. இங்கிலாந்தின் இடது பேக் (இடது ஓரத் தடுப்பாட்டக்காரர்), அந்தக் கோடையில் உலகக் கோப்பை ஆடப் போனவர், உலகத் தரமான ஆள். அவரை ஜான்ஸ்டன் இரண்டு ஆட்டங்களிலும் படுத்திய பாடு சொல்லி மாளாது. கூப்பருக்கு உதவ இன்னொருவர் ஓடி வந்தால் அந்த இன்னொருவர் விட்டுவந்த இடம் காலி. ஸ்டீன் சொல்லிக்கொடுத்த பாடம் முழுதாகப் பலித்தது அந்த இரவில்.

இறுதிப் போட்டியில் ஃபெயனூர்ட் அணி அந்த இடத்தைக் கொடுக்கவே இல்லை. மிலானில், கூடுதல் நேரத்தில், 1–2. லீட்ஸை வென்ற மயக்கத்தில் செல்டிக் எதிராளியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்பது பொதுவான கருத்து. அதை மறுக்க எனக்கும் காரணம் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் விங்கர்களுக்கு அடி அதிகமோ?

இன்று ஆடும் எந்த விங்கரும் கற்பனை செய்ய முடியாத அளவு. பின்னாலிருந்து காலை வெட்டுவது சர்வசாதாரணம். மஞ்சள், சிவப்பு அட்டைகளே 1970 உலகக் கோப்பையில்தான் வந்தன. மைதானம் பாதி நாள் சேறு.

உச்சகட்டம் 1974 ஏப்ரல் 10. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்கு அத்லெதிகோ மத்ரித் கிளாஸ்கோ வந்தது. பயிற்சியாளர் அர்ஜென்டினாவின் ஹுவான் கார்லோஸ் லொரென்சோ. ஆட வந்ததாகவே தெரியவில்லை, ஜான்ஸ்டனை உதைக்க வந்ததுபோல இருந்தது. அத்லெதிகோவின் மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஆனாலும் 0–0 என்று தப்பித்துப் போனார்கள். திரும்ப மத்ரித்தில் ஆடும் முன் ஜான்ஸ்டனுக்குக் கொலை மிரட்டல் வந்தது, ஸ்டீனுக்கும் வந்தது. நீயாவது ஓடிக்கொண்டிருப்பாய், குறி வைப்பது கஷ்டம், நானல்லவா ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஸ்டீன் தேற்றினாராம். செல்டிக் 0–2 என்று தோற்றது. அந்தத் தலைமுறையின் ஐரோப்பிய வேட்டை அதோடு முடிந்தது.

இவ்வளவு பெரிய ஆள் ஸ்காட்லாந்துக்காக 23 ஆட்டம் மட்டும் ஏன்?

1964 முதல் 1974 வரை பத்து வருடத்தில் 23 ஆட்டங்கள், 4 கோல்கள். அதில் இரண்டு 1966 ஏப்ரலில் ஹாம்ப்டனில் இங்கிலாந்துக்கு எதிராக அடித்தவை. ஸ்காட்லாந்து 3–4 என்று தோற்றது.

காரணம் ஒன்றல்ல. அதே வலது விங்கில் ரேஞ்சர்ஸின் வில்லி ஹெண்டர்சன் இருந்தார். அவரும் உயரம் குறைந்தவர், அவரும் வித்தைக்காரர். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் கிளாஸ்கோவின் பாதி ஊர் அரங்கத்தில் கூச்சல் போடும். (இருவரும் நல்ல நண்பர்கள், ரசிகர்கள்தான் அடித்துக்கொண்டார்கள்.) அடுத்து விமானப் பயம். அடுத்து ஒழுங்கு. இவையெல்லாம் போக, தேசிய அணியில் ஸ்டீன் போல இவரைக் கட்டி மேய்க்க யாரும் இல்லை என்பதை நான் முதல் காரணமாக வைப்பேன்.

படகுக் கதை என்ன?

1974 மே. உலகக் கோப்பைக்கு முன்பு ஸ்காட்லாந்து அணி லார்க்ஸ் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தது. வேல்ஸை வென்ற இரவு குடித்துக் கும்மாளம் போட்டுவிட்டு விடியற்காலையில் கரைக்கு வந்தார்கள். ஜான்ஸ்டன் ஒரு துடுப்புப் படகில் ஏறி நின்றார். அணித் தோழர் ஒருவர் விளையாட்டாகத் தள்ளிவிட்டார். படகு கிளைட் முகத்துவாரத்தில் போய்க்கொண்டே இருந்தது. இவர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். காப்பாற்றப் போன இருவரின் படகில் ஓட்டை. கடைசியில் கடலோரக் காவல் படை போய்க் கொண்டு வந்தது.

பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை, ஹாம்ப்டனில் இங்கிலாந்தோடு ஆட்டம். ஸ்காட்லாந்து 2–0 என்று வென்றது, ஜான்ஸ்டன் பிரமாதமாக ஆடினார். முடிந்ததும் பத்திரிகையாளர்கள் உட்கார்ந்திருந்த மாடத்தைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்; பிரிட்டனில் அது வசைச் சைகை.

உலகக் கோப்பை நடந்த மேற்கு ஜெர்மனிக்கு அவரையும் அழைத்துப் போனார்கள். ஒரு நிமிடம் கூட ஆட விடவில்லை. ஆப்பிரிக்காவின் சையரை வென்று, பிரேசிலோடும் யுகோஸ்லாவியாவோடும் சமன் செய்து, ஒரு ஆட்டத்திலும் தோற்காமலே ஸ்காட்லாந்து வெளியேறியது. பிரேசிலோடு 0–0 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் கடைசி அரை மணி நேரம் இவரை இறக்கியிருந்தால் என்ற ஏக்கம் அங்கே இன்னும் தீரவில்லை.

செல்டிக்கை விட்ட பிறகு?

1975இல் கழகம் அவரை விடுவித்தது. வயது 30தான். அமெரிக்காவின் சான் ஹோசே எர்த்குவேக்ஸ், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு யுனைடெட், டண்டீ, டப்ளினின் ஷெல்போர்ன், ஸ்காட்லாந்தின் வடக்கே எல்ஜின் சிட்டி. ஷெஃபீல்டில் லீகில் 11 ஆட்டம், 2 கோல். மற்ற இடங்களிலும் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. டண்டீயில் மேலாளராக இருந்தவர் லிஸ்பனில் கோல் அடித்த பழைய தோழர் ஜெம்மல், அதுவும் உதவவில்லை.

ஆரம்பத்திலேயே பெரிய வெளிநாட்டுக் கழகத்துக்குப் போயிருந்தால் இன்னும் உயர்ந்திருப்பாரா?

நான் நம்பவில்லை. செல்டிக் அன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய அணிகளில் ஒன்று. அதைவிட உயர எங்கே போவது? அதோடு, வீட்டிலிருந்து சில மைல் தள்ளி மைதானம், சிறுவயதிலிருந்து தெரிந்த தோழர்கள், கெடுபிடியும் பாசமும் ஒன்றாகக் காட்டிய ஒரு மேலாளர். இந்த மூன்றும் சேர்ந்த பத்து வருடம்தான் ஜான்ஸ்டன். ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1975க்குப் பிந்தைய வருடங்களே சாட்சி.

ஓய்வுக்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்?

அன்றைய வீரர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை. லாரி ஓட்டினார், கட்டட வேலைக்குப் போனார். குடியோடு நெடுநாள் போராடினார். அதை மறைத்ததும் இல்லை.

2001இல் மோட்டார் நியூரான் நோய் இருப்பது தெரியவந்தது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய்; மருந்தால் தீராது. கையும் காலும் விழுந்த நிலையிலும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டவும், ஸ்டெம் செல் ஆய்வுக்கு ஆதரவு தேடவும் முன்னால் நின்றார். 2006 மார்ச் 13 அன்று, 61 வயதில் இறந்தார். ஆறு நாள் கழித்து நடந்த லீக் கோப்பை இறுதியில் செல்டிக் வீரர்கள் எல்லோரும் 7ஆம் எண்ணோடு ஆடி டன்ஃபெர்ம்லினை 3–0 என்று வென்றார்கள்.

இன்று செல்டிக் பார்க் வாசலில் அவருக்குச் சிலை உண்டு, வியூபார்க்கிலும் உண்டு.

செல்டிக்கின் வலது விங்கில் ஒரு இந்தியர் ஆடியது உண்மையா?

உண்மை, ஆனால் அது ஜான்ஸ்டன் பிறக்கும் முன்பு. கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம் 1936இல் செல்டிக்குக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். பூட்ஸ் இல்லை, காலில் துணிக்கட்டு மட்டும். முதல் அணிக்கான ஆட்டங்கள் அல்ல அவை. மேலாளர் வில்லி மேலி இருக்கச் சொன்னார். வீட்டு ஏக்கத்தில் சலீம் ஊர் திரும்பிவிட்டார்.

பழைய படங்களில் சட்டை முதுகில் எண்ணே இல்லையே, ஜான்ஸ்டனை எப்படி அடையாளம் காண்பது?

செல்டிக் அன்று சட்டையில் எண் போடாது. பச்சை வெள்ளைப் பட்டைகள் கெட்டுவிடும் என்பதால் எண்கள் கால்சட்டையில் இருக்கும். 7ஐத் தேடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆட்களில் மிகச் சின்னவரைப் பாருங்கள்.

எந்த ஆட்டத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

முதலில் 1967 மே 6, ஐப்ராக்ஸில் அடித்த இரண்டாவது கோல், சில நொடிதான். பிடித்திருந்தால் லீட்ஸுடன் ஹாம்ப்டனில் ஆடிய ஆட்டத்தைத் தேடுங்கள், கூப்பரின் பக்கமே கண் வைத்து. லிஸ்பன் இறுதிப் போட்டியைக் கடைசியில் பாருங்கள். அது பதினொரு பேரின் ஆட்டம், ஜான்ஸ்டன் அதில் ஒருவர்.